ரெட் ஆக்சைடு தரையும் பவுனுவின் நகமும்

எங்கள் வீட்டுத் தரையில் நகக்கீறல் விழுந்த இடங்கள் மூன்று. பட்டாசாலையில் (வீட்டின் கூடத்தில்) ஃபேனுக்கு நேர் கீழே ஒன்று, சாமான் அறைக்குள் நுழைந்ததும் வலது மூலையில் ஒன்று, முன்வாசல் கதவை ஒட்டி உள்பக்கம் ஒன்று. தாத்தா வீடு கட்டியபோது போட்ட ரெட் ஆக்சைடு தரை இது, சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து பூசியது. தேங்காய் எண்ணெயும் ஈரத்துணியும் பட்டுப் பட்டு, குனிந்தால் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு ஏறிய தரை. முன்னால் வளர்த்த நாய்கள் எதுவும் திண்ணையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை, அதனால் இந்தத் தொல்லையும் இருந்ததில்லை. பவுனு குட்டியிலிருந்தே வீட்டுக்குள் வளர்ந்த சிப்பிப்பாறை இன நாய். செம்பொன் நிறம், ஒட்டிய வயிறு, நீளக் கால். பெட்டை. கருத்தடை செய்யவில்லை, இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

நாய் தரையைப் பிறாண்டுகிறது என்று வெளியே சொன்னால் போதும், யோசனைகள் வந்து குவியும். மிளகாய்ப்பொடி தூவு, பினாயில் ஊற்று, அந்துருண்டையை மூலையில் போடு, இல்லையென்றால் பேப்பரைச் சுருட்டி ஒன்று போடு. நான்கும் வேண்டாம். அந்துருண்டையை நாய் விழுங்கினால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். பினாயில் போட்ட தரையில் நடந்துவிட்டு அதே பாதத்தை நக்குகிற பிராணிக்கு அது வாய்வழி போகிற விஷம். மிளகாய்ப்பொடி, மூக்கை வைத்தே உலகத்தைப் பார்க்கிற ஜீவனுக்குச் செய்கிற கொடுமை. அடித்தாலோ, நாய் பிறாண்டுவதை விடாது. நம் கண் முன்னால் பிறாண்டுவதை மட்டும் விடும்.

நான் முதலில் எடுத்தது தினசரி காலண்டரை. கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், முன்பக்கம் தேதியும் ராகுகாலமும் அச்சாகியே இருக்கும், தனியாக நோட்டு வேண்டாம். பவுனு பிறாண்டுகிற ஒவ்வொரு முறையும் மணி, இடம், அதற்கு முந்தின நிமிஷம் வீட்டில் என்ன நடந்தது, பிறாண்டி முடித்ததும் அது என்ன செய்தது என்று எழுதி வைத்தோம். யாரும் இல்லாத நேரத்துக்குப் பழைய செல்போனை ஜன்னல் கம்பியில் கட்டி வீடியோ. ஒரு வாரத் தாள்களைத் தரையில் பரப்பிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது: பட்டாசாலைப் பிறாண்டல் ராத்திரியும் மத்தியானமும், சாமான் அறைப் பிறாண்டல் பொழுது சாய்ந்ததும் விடியலுக்கு முன்னும், கதவுப் பிறாண்டல் நாங்கள் வெளியே கிளம்பிய பிறகு மட்டும். ஒரே நாய், ஒரே கால், ஆனால் இது மூன்று வேறு வேறு சோலி. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது.

பட்டாசாலையிலிருந்து தொடங்குகிறேன். விளக்கை அணைத்ததும் பவுனு ஃபேனுக்குக் கீழே வந்து நிற்கும். மூக்கைத் தரையோடு வைத்து ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றி, சர்ர் சர்ர் என்று ஏழெட்டு இழுப்பு. நின்று பார்க்கும். தரை அப்படியே இருக்கும். மறுபடி ஒரு சுற்று, மறுபடி இழுப்பு. கடைசியில் தொப்பென்று விழுந்து நீளமாக ஒரு மூச்சு விடும்.

இது படுக்கை போடுகிற வேலை. ஓநாயும் காட்டு நாய்களும் படுக்கும் முன் புல்லை மிதித்து அமுக்கும், மேல்மண்ணைக் கிளறி உள்ளே இருக்கிற குளிர்ந்த மண்ணை எடுக்கும். தெருநாய் வெயில் காலத்தில் மரத்தடியில் குழி பறித்துப் படுத்திருப்பதைப் பார்க்காதவர்கள் இல்லை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. வியர்வைச் சுரப்பி முக்கியமாகப் பாதத்தில்தான். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்தும், குளிர்ந்த இடத்தில் வயிற்றை வைத்தும்தான் சூட்டை ஆற்றிக்கொள்ள வேண்டும். பாதத்தில் வாசனைச் சுரப்பிகளும் உண்டு, அதனால் பிறாண்டிய இடம் அதன் மூக்குக்கு ‘என் இடம்’ ஆகிவிடுகிறது.

சிமெண்டுத் தரை ஏற்கெனவே குளுமையாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் பவுனுவின் முழங்கையில் இருந்தது. இரண்டு முன்னங்கால் முட்டியிலும் முடி கொட்டி, தோல் தடித்துக் காய்ப்பு ஏறியிருந்தது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஓட்ட நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, முடி குட்டை, தோல் மெல்லிசு. முயல் விரட்டுவதற்காக வளர்த்தெடுத்த உடம்பு. (1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது அந்த வேட்டை குற்றம். இன்னும் அதைப் பெருமையாகப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லி நான் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன்.) அந்த உடம்புக்கு வெறும் தரை குளுமையாக இருக்கலாம், மெத்தென்று இருக்காது. எலும்பு நேராகத் தரையில் உட்காருகிறது. பிறாண்டினால் மண் நெகிழும், பள்ளமாகும் என்று அதன் ரத்தம் சொல்கிறது. ரெட் ஆக்சைடு நெகிழ மறுக்கிறது. அதனால்தான் எழுந்து எழுந்து மறுபடி மறுபடி.

எனவே பிறாண்டாதே என்று தடுக்கப் போகவில்லை. பிறாண்டினால் அசைகிற ஒன்றைக் கொடுத்தோம். பரணில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து, பவுனு காலை மடக்காமல் நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு அளந்து, கெட்டியான ஜமுக்காளத் துணியில் உறை தைத்தோம். சணல் சாக்கில் தைக்கலாம் என்றுதான் முதல் யோசனை. ஆனால் சாக்கு நூலில் நகம் சிக்கி இழுபடும், சில சமயம் நகமே பிய்ந்துவிடும். உறைக்கு மேல் ஒரு பழைய நூல் சேலையை நான்காக மடித்துச் சும்மா விரித்துவிட்டோம். தைக்கவில்லை, செருகவில்லை. விஷயமே அந்தச் சேலைதான். பவுனு அதைப் பிறாண்டிக் குவித்து, தலைக்கு ஒரு மேடு ஆக்கி, அதன்மேல் தாடையை வைத்துக்கொள்ளும். காலையில் எடுத்து உதறி மடித்துப் போட்டால் ராத்திரிக்கு வேலை தயார்.

மெத்தையை எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். மூலையில் நமக்கு வசதியான இடத்தில் போட்டு, ‘அங்கே போய்ப் படு’ என்றால் நாய் அதைச் சுற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே வரும். கீறல் விழுந்த இடத்தின் மேலேயே போட வேண்டும். நான்கு காலும் மெத்தையில் ஏறியதும் அந்த நொடியில் ஒரு துணுக்கு வேகவைத்த முட்டை. பழகிய பிறகு தினமும் ஒரு சாண் சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். நகர்வது தெரியாமலே மெத்தை ஜன்னலடிக்குப் போய்விட்டது, பவுனுவும் கூடப் போனது.

சித்திரை, வைகாசி கரிசல் வெயிலில் இலவம்பஞ்சு ஆகாது, சூடு பிடித்துக்கொள்ளும். அதற்கு நாடாக் கட்டில். குழந்தைக் கட்டிலின் காலை ஆசாரியிடம் கொடுத்து முழங்கால் உயரத்துக்கும் கீழே அறுத்து வாங்கினேன். கீழே காற்று ஓடும், நாடா உடம்பு அழுத்தத்துக்குத் தாழ்ந்து கொடுக்கும். மேலே அதே சேலை. மத்தியானம் கொல்லையில் வேம்படியில் சாக்கை நனைத்துப் போட்டால் அங்கே போய் விழுந்துவிடும். ஒரு மூலையில் ஆற்று மணல் கொட்டி, அதை ஈரமாக வைத்து, தோண்டுவதற்கென்றே விட்டிருக்கிறோம். மணலுக்குள் ஒரு எலும்பு பிஸ்கட்டைப் புதைத்து வைத்தால் அந்தப் பக்கம் போகும் ஆசை தானாக வரும்.

சாமான் அறை மூலை வேறு ரகம். இங்கே சுற்றுவது கிடையாது. பவுனு நேராகப் போய் நிற்கும், ஒரு காது முன்னால் மடியும், தலை சாயும், ஒரு முன்னங்கால் தரையிலிருந்து எழும்பி அந்தரத்தில் நிற்கும். வால் விறைப்பு. அப்படியே கொஞ்ச நேரம். பிறகு படாரென்று ஒரே இடத்தில் ஆவேசமாகப் பிறாண்டி, மூக்கை அந்த விரிசலில் அழுத்தி உறிஞ்சும். கூப்பிட்டால் காதில் விழாது. முட்டைத் துணுக்கை நீட்டினால்கூட ஓரக்கண்ணால் ஒரு பார்வை, அவ்வளவுதான். தூக்கத்துக்குப் பிறாண்டுகிற நாய் கூப்பிட்டால் திரும்பும். வேட்டைக்குப் பிறாண்டுகிற நாய் திரும்பாது. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பாதிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

நம் காது கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை போகும். எலி இனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சத்தத்தில் பெரும்பகுதி நம் எல்லைக்கு மேலேதான். ஆகவே ‘ஒன்றும் இல்லாத இடத்தைப் பிறாண்டுது’ என்று நாம் சொல்கிற இடத்தில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை.

தரை பெயர்ந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று தெருக்கோடிக் கொத்தனார் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். வந்தவர் கீறலைப் பார்க்கவே இல்லை. குத்தவைத்து உட்கார்ந்து கரணையின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். நடுவில் கணீர் கணீர் என்றது, மூலைக்கு வந்ததும் டொப்பு டொப்பு என்று சத்தம் மாறியது.

“தம்பி, இங்க உள்ள ஒண்ணுமில்ல. கூடா கெடக்கு.”

“நாய்தான் அண்ணாச்சி, தெனமும் பிறாண்டிப் பிறாண்டி...”

“நாய் பிறாண்டித் தரை போவல தம்பி. தரை போனதாலதான் நாய் பிறாண்டுது. வெளிப்பக்கம் வாங்க.”

வெளிச்சுவர் ஓரம், துவைக்கல்லுக்குப் பின்னால், ஒரு கை நுழைகிற பொந்து. வாயில் புது மண் தள்ளிக் கிடந்தது. பெருச்சாளி. அஸ்திவாரத்தை ஒட்டிக் குடைந்து தரைக்கடியில் மண்ணை எடுத்து எடுத்து வெளியே போட்டிருக்கிறது. மேலே தாங்க மண் இல்லாத இடத்தில் தரை விரிந்து, விரிசலில் பவுனுவின் நகம் பட்டு ஓரங்கள் பொரிந்து வந்திருக்கின்றன. எங்கள் வீட்டில் அதை முதலில் கண்டுபிடித்த ஆளைத்தான் இத்தனை நாள் ‘ஏய், போ’ என்று விரட்டிக்கொண்டிருந்தோம்.

பொந்து உபயோகத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழி எளிது. சாயங்காலம் பழைய பேப்பரைக் கசக்கி வாயில் லேசாக அடைத்துவிட வேண்டும். காலையில் பேப்பர் வெளியே கிடந்தால் ஆள் உள்ளே. சுற்று முழுக்கப் பார்த்து எல்லா வாயிலும் இப்படி அடைத்துப் பார்த்தோம், ஒன்றுதான் திறந்தது. கூண்டுப் பொறியில் சுட்ட தேங்காய்ச்சில் வைத்தோம். முதலில் சில ராத்திரி பொறியைத் திறந்தபடியே விட்டுத் தின்னப் பழக்கி, பிறகுதான் விசையைப் போட்டது. பெருச்சாளி சந்தேகப் பிராணி.

இந்த இடத்தில் எலிமருந்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஹார்டுவேர் கடையில் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். ப்ரோமடியோலோன் போட்ட கேக் ரத்தம் உறைவதைத் தடுக்கிற மருந்து. தின்ற எலியை நாய் தின்றாலும் ஆபத்து, கேக்கை நேராகத் தின்றால் கேட்கவே வேண்டாம். அறிகுறி தெரிய நாலைந்து நாள்கூட ஆகலாம், அதற்குள் உள்ளுக்குள் ரத்தம் கசியத் தொடங்கிவிடும். அதற்காவது வைட்டமின் கே1 என்று முறிமருந்து உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்டுக்கு அதுவும் கிடையாது. வேட்டை மூக்குள்ள நாய் இருக்கிற வீட்டில் இரண்டையும் வாசலுக்குள் விடக்கூடாது என்பது என் கட்சி.

பொந்தை அடைக்க ஊர் வழக்கம் உடைந்த பாட்டில் கண்ணாடியைச் சிமெண்டோடு கலந்து திணிப்பது. அண்ணாச்சி அதைத்தான் ஆரம்பித்தார். வேண்டாம் என்றேன். வாசனை இருக்கும்வரை பவுனு அந்த இடத்தைத் தோண்டப் பார்க்கும், காலைக் கிழித்துக்கொள்ளும். செங்கல் ஜல்லியும் கருங்கல் சில்லும் போட்டு, கெட்டிச் சிமெண்டுக் கலவை ஊற்றி இடித்து இறுக்கினோம். துவைக்கல் தண்ணீர் தேங்கி அந்த மண்ணை இளக்கியிருந்ததால் அங்கே ஒரு சின்னச் சரிவும் கட்டினார்.

பெருச்சாளி போன பிறகும் பவுனு கொஞ்ச நாள் மூலைக்குப் போய் மோந்துகொண்டுதான் இருந்தது. வாசனை போக நாளாகும். கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் கழுவி, சாக்குகளை வெயிலில் காயவைத்து, அரிசி பருப்பைத் தகர டின்களுக்கு மாற்றினோம். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், நமக்கும் வரும் நாய்க்கும் வரும். வருஷாந்தரத் தடுப்பூசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாவது கதவு. தங்கைக்குப் பிரசவமாகி அம்மா அங்கே போன மாதத்திலிருந்துதான் இது. அதுவரை பவுனு வீட்டில் தனியாக இருந்ததே இல்லை. நான் கடைக்கு, மனைவி பள்ளிக்கூடத்துக்கு. பூட்டினால் மத்தியானம் வரை யாரும் இல்லை. வீடியோவில் பார்த்தோம். சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் எழுந்து கதவடிக்கு வருகிறது. கதவிடுக்கில் மூக்கு. முனகல். பிறகு கதவின் அடியையும் தரையையும் சேர்த்துப் பிறாண்டுகிறது, நடுவில் மூச்சிரைப்பு, ஜன்னலுக்கு ஓட்டம், திரும்பக் கதவு. அரைமணி நேரத்தில் அடங்கி அங்கேயே படுத்துக்கொள்கிறது. இது குறும்பு இல்லை, பயம். கதவில் தகரம் அடித்தால் கதவு பிழைக்கும், பயம் அப்படியே இருக்கும்.

நாங்கள் கிளம்புகிற சடங்கு முழுவதையும் நாய் மனப்பாடம் செய்திருக்கிறது: சீப்பு, டிபன் பாக்ஸ், ஹெல்மெட், சாவி. அதை உடைக்க வேண்டும். சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காய் நறுக்கினேன். (பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.) சாவிக்குப் பவுனு தலை தூக்காத நிலை வந்த பிறகு, வெளியே போய்க் கதவைச் சாத்தி உடனே திரும்பினேன். அப்புறம் ஒரு நிமிஷம். அப்புறம் தெருமுனைவரை. அது பதறத் தொடங்குவதற்கு முன்னால் திரும்புவதுதான் கணக்கு. பதறிய பிறகு வந்தால், பதறினால் வருவார்கள் என்று படித்துக்கொள்ளும். லீவு நாட்களில் ஆரம்பித்தால்தான் இது ஓடும். இது நடந்துகொண்டிருந்தவரை காலை வேளைகளில் பவுனுவைக் கடைக்கே கூட்டிப்போனேன், ஏனென்றால் பயிற்சி பாதியில் இருக்கும்போது மறுபடி நாலு மணி நேரம் பூட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

கூடவே இரண்டு காரியம். கிளம்புவதற்கு முன் கண்மாய்க்கரையில் நல்ல ஓட்டம், நடை இல்லை, ஓட்டம். அதன் பிறகு உறைந்த தயிர்சாதம். தாளிக்காமல், வெங்காயம் இல்லாமல், உப்புப் போடாமல் குழையப் பிசைந்து, அகலமான சில்வர் பாத்திரத்தில் அமுக்கி ராத்திரியே ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். வெங்காயம் நாய்க்கு ஆகாது, ரத்த அணுக்களை அழிக்கும். கதவைச் சாத்துகிற நேரத்தில் பாத்திரத்தைக் கொல்லைப்புறக் கதவு ஓரமாக வைத்தால், முன்வாசலில் நாங்கள் போவதைவிட அங்கே நக்குவது முக்கியமாகிவிடுகிறது. நக்கி முடிக்க வெகுநேரம் ஆகும், மோசமான அந்த அரைமணி அதில் கழிந்துவிடும். பல் உடைகிற அளவு கதவைக் கடிக்கிற, நகத்தில் ரத்தம் வருகிற அளவு பிறாண்டுகிற நாய்களும் உண்டு. அதற்குத் தயிர்சாதம் போதாது, டாக்டரிடம் போக வேண்டும், மருந்து இருக்கிறது.

அம்மா ஊரிலிருந்து திரும்பி வந்ததும் நாலாவதாக ஒன்று தொடங்கியது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றால், பவுனு நாற்காலிக் காலடியில் ஒரே ஒரு இழுப்பு இழுக்கும். அம்மா “ஏய் மூதேவி, தரையப் பிறாண்டாத, இந்தா” என்று ஒரு துண்டு போடுவாள். மறுபடி ஒரு இழுப்பு, மறுபடி ஒரு துண்டு. இதற்குக் காரணம் ஆராய வேண்டியதில்லை. மருந்து, பிறாண்டும்போது பார்க்காமல், பேசாமல், போடாமல் இருப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது போடுவது. ஒரு எச்சரிக்கை: இதுவரை கிடைத்தது கிடைக்காமல் போனதும் முதலில் பிறாண்டல் கூடும். அந்தச் சமயம் பொறுக்காமல் ஒரு துண்டு போட்டால், இன்னும் பலமாகப் பிறாண்டினால்தான் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அம்மா அந்த இரண்டு மூன்று நாளும் முறுக்கை அடுக்களையில் நின்றே தின்றாள்.

எல்லாம் சீரான பிறகு ஒருநாள் கட்டிலடியில் சத்தம். பவுனு அம்மாவின் பழைய பாவாடையை இழுத்துப் போய்க் குவித்து, ரப்பர் செருப்பு ஒன்றை நடுவில் வைத்து, பகல் முழுக்கத் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. செருப்பை எடுக்கப் போனால் உறுமல். சாப்பாடு பாதி. மடி லேசாக வீங்கியிருந்தது. சினை இல்லை, ஏனென்றால் ஆண் நாய் பக்கத்தில் வரவே இல்லை. காலண்டர்த் தாள்களைப் புரட்டினால், பருவம் வந்து ஏறக்குறைய இரண்டு மாதம். கால்நடை மருந்தகத்து டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுப் பொய்ச்சினை என்றார். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். பருவத்துக்குப் பிறகு சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் உடம்பில் ஹார்மோன் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏறி இறங்குவதால், சில பெட்டைகள் அந்த நாள் நெருங்கும்போது குட்டி போடத் தயாராகிவிடும். கூடு கட்டுகிற பிறாண்டல் இது.

“பால் வருதான்னு பிதுக்கிப் பாக்காதீங்க, பிதுக்குனா இன்னும் சுரக்கும்” என்பதுதான் டாக்டர் அழுத்திச் சொன்னது. மடியை நக்கவும் அதிகம் விடக்கூடாது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாக வடியும். மடி சூடாகி, சிவந்து, கெட்டியானால் உடனே வர வேண்டும். கருத்தடை செய்துவிடலாமா என்று கேட்டேன். செய்யலாம், ஆனால் பால் சுரக்கிற இந்த நேரத்தில் செய்தால் பொய்ச்சினை நீடிக்கக்கூடும், அடங்கிய பிறகு வாருங்கள் என்றார். செருப்பைப் பவுனு வெளியே போன நேரத்தில் எடுத்து ஒளித்து, பாவாடையைத் துவைத்து, ஓட்டத்தைக் கூட்டினோம். தேதி குறித்து அறுவை சிகிச்சையும் ஆகிவிட்டது.

காலைக்கடன் முடித்துவிட்டுப் பின்னங்காலால் மண்ணை வாரி இறைப்பதையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது ஊருக்கு எழுதி ஒட்டுகிற விளம்பரம், வெளியே நடக்கிறது, விட்டுவிடலாம்.

நகம். பிறாண்டலுக்கு இது காரணமும் இல்லை, மருந்தும் இல்லை, ஆனால் தரையின் சேதம் இதில்தான் இருக்கிறது. நாய் நிற்கும்போது நகம் தரையைத் தொடாமல் இருக்க வேண்டும். நடக்கும்போது டக் டக் என்று கேட்டால் நீளம் அதிகம். தார் ரோட்டில் நடக்கிற நாய்க்குத் தேய்ந்துவிடும், மண்ணிலேயே ஓடுகிற பவுனுவுக்குத் தேயாது. வெள்ளை நகத்தில் உள்ளே ஓடுகிற ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. துளித் துளியாக வெட்டி, வெட்டுமுகத்தை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். முதலில் காய்ந்த வெள்ளையாகப் பொடி உதிரும். நடுவில் ஈரமான ஒரு கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ரத்தம் வந்துவிட்டால் சோளமாவைக் கொஞ்சம் வைத்து அழுத்தினால் நிற்கும். வெட்டுகிற நாளில் விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள். உண்ணி ஒளிகிற இடங்களில் ஒன்று அது, அந்த அரிப்பிலும் நாய் காலைத் தரையில் தேய்க்கும்.

இனி தரை. மேலோட்டமான கீறல்களுக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை, துடைத்து எண்ணெய் காட்டினால் மறையும். சாமான் அறை மூலையைத்தான் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அண்ணாச்சி கூடாக இருந்த பகுதி முழுவதையும் உளியால் சதுரமாகக் கொத்தி எடுத்து, பள்ளத்தில் மண்ணும் ஜல்லியும் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசால் இடித்தார். மேலே கான்கிரீட். அது இறுகத் தொடங்கிய ஈரத்திலேயே மேல்பூச்சு: மூன்று பங்கு சிமெண்டுக்கு ஒரு பங்கு ரெட் ஆக்சைடு பொடி, காய்ந்தபடியே சல்லடையில் சலித்துக் கலந்தது. தண்ணீர் ஊற்றிய பிறகு பொடி சேர்த்தால் திட்டுத் திட்டாக நிற்கும். பழைய தரையின் வெட்டு ஓரத்தை நனைத்துச் சிமெண்டுப் பால் தடவிவிட்டுத்தான் பூச்சைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சேர்மானத்தில் கோடு விழும். கரணையால் அழுத்தி அழுத்தி இழுத்தது மட்டும் அரைநாள் வேலை. மினுமினுப்பு அந்த இழுப்பில்தான் பிறக்கிறது, எண்ணெய் பிறகு அதை ஏற்றுகிறது, அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் தண்ணீர் காட்டினோம். அந்த நாட்களில் பவுனுவை அந்தப் பக்கமே விடவில்லை, கதவுக்குக் குறுக்கே பலகை. ஈரச் சிமெண்டு கடுமையான காரம், பாதத்தோல் வெந்துவிடும், நக்கினால் வாயும் புண்ணாகும். நாயின் கால்தடம் பதிந்த தரை அழகுதான், பதித்த நாய்க்கு அழகில்லை.

நிறம் ஒத்துவரவில்லை. வரவும் வராது என்று அண்ணாச்சி முதலிலேயே சொல்லிவிட்டார். பழைய தரை கறுத்த சிவப்பு, புதுச் சதுரம் செங்கல் சிவப்பு. ஒரு மாதம் கழித்துத் தேங்காய் எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தோம். சாமான் அறையில் தாராளமாகத் தேய்க்கிறோம். பட்டாசாலையில் ஓரங்களுக்கு மட்டும்தான், அதுவும் காய்ந்த துணியால் வழித்தெடுத்த பிறகு. கேட் சத்தம் கேட்டதும் பவுனு மெத்தையிலிருந்து கிளம்பி வாசலுக்குத் திரும்புகிற வளைவில் எண்ணெய் பட்டால் பின்னங்கால் வழுக்கி இடுப்பு போய்விடும்.